கோடு வரைக்கும்

மார்ச் 3, செவ்வாய்

காரத்தன்மை 8.1. கால்சியம் 420. சூடு 26. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. இந்த வீட்டில் அப்படிச் சொல்ல முடிகிற ஒரே இடம் முன்னறையில் இருக்கும் கடல்தொட்டிதான்.

தானாக நீர் நிரப்பும் மோட்டார் போன மாதம் உயிரை விட்டது. அதிலிருந்து அந்த வேலை மாமாவுடையது. வெயிலில் முந்நூறு லிட்டர் தொட்டியிலிருந்து நாளுக்கு ஐந்து லிட்டர் ஆவியாகிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே குறைந்ததை உப்பில்லாத ஃபில்டர் தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீரால் நிரப்பினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும். இதை மாமாவுக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே கையமர்த்தினார். "பாய்லர்லயும் இதே கததாம்மா. கண்ட தண்ணிய விட்டா உள்ள உப்பு கட்டிக்கும்." முப்பத்தொரு வருஷம் ஆலையில் பாய்லர் பார்த்த மாமனாருக்கு நீர்மட்டத்தைப் பற்றிப் பாடம் எடுக்கப் போன என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கண்ணாடியில் சிவப்பு டேப் ஒட்டிக் கோடு போட்டிருக்கிறேன். வெள்ளை கேனில் ஃபில்டர் தண்ணீர். நீல கேனில் உப்பு கலந்த தண்ணீர், அது ஞாயிறுதோறும் நான் தொட்டித் தண்ணீரை மாற்றுவதற்கு. "மாமா, வெள்ளை கேன். கோடு வரைக்கும். வேற எதையும் தொடாதீங்க." அவ்வளவுதான் சட்டம். காலை ஏழு மணிக்குக் குடுவையோடு நின்றுவிடுகிறார். மற்றதெல்லாம் மறந்துபோகிற நாளிலும் இது மறப்பதில்லை. போன வாரம் பெற்ற மகனைப் பார்த்து, "தம்பி யாரு, மீட்டர் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். குளித்த மாதிரித் தெரியவில்லை.

தண்ணீர் ஊற்றிவிட்டு மாமா தொட்டிமுன் உட்கார்ந்தால் மதியம் வரை அசையமாட்டார். கோமாளி மீன் ஜோடியில் பெரியதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்திருக்கிறார். எல்லோரையும் விரட்டுகிறதாம், தான் மட்டும் ஒரு வேலையும் செய்வதில்லையாம்.

மார்ச் 5, வியாழன்

லேபில் கூட வேலை பார்க்கிறவள் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். இந்த மாதம் முழுக்க எனக்கு இரட்டை ஷிஃப்ட், ஞாயிறு உட்பட. ஊரார் ரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்தே என் கண் போகப்போகிறது. தொட்டிக்கு ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் மாற்றம் இப்போதைக்குக் கிடையாது. தாங்கும். நாலு வருஷத் தொட்டி.

மார்ச் 7, சனி

நீல கேன் அடியில் விரிசல் விட்டுக் கூடமெல்லாம் உப்புத் தண்ணீர். வீட்டுக்காரர் லேபுக்குப் போன் செய்து, "இப்ப என்ன பண்றது?" என்றார். எதிரில் பதினேழு பேர் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "உப்ப வெள்ளை கேன்ல கலந்து வைங்க. ஃபில்டர் தண்ணிக்குப் புதுசா ஒரு கேன் வாங்கிக்கோங்க. எது காலியானாலும் அதுல அதையே ரொப்பிடுங்க" என்றேன். பச்சை நிறத்தில் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். ஒரு வேலை சொன்னால் அதைச் சுத்தமாகச் செய்வார்.

மார்ச் 11, புதன்

மாமா இன்று எல்லோருக்கும் தேநீர் போட்டார். சர்க்கரைக்குப் பதில் உப்பு. நான் சிரித்துவிட்டேன், மாமாவும் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னார். நாத்தனார் ஒரு முதியோர் இல்லத்தின் பேரைச் சொல்லி, இடம் இருக்கிறதா என்று கேட்டு வைக்கிறேன் என்றாளாம். நான் போனைப் பிடுங்கி, "அதெல்லாம் வேணாம். தொட்டி இருக்கற வரைக்கும் அவர் பாட்டுக்கு இருப்பாரு" என்றேன். அது உண்மையும்கூட. தொட்டிமுன் இருக்கிற மனுஷனுக்கு எந்த வியாதியும் கிடையாது.

மார்ச் 14, சனி

காரத்தன்மை 8.6. கொஞ்சம் அதிகம். அசதியில் சோதனைக் குழாயில் சொட்டு மாற்றி எண்ணியிருப்பேன்.

மார்ச் 16, திங்கள்

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது மாமா வந்து கையை நீட்டினார். "கேன் தண்ணி பட்டா கை பிசுபிசுங்குதும்மா." ஃபில்டருக்குள் மாற்ற வேண்டியதை மாற்றி நாளாகிவிட்டது போல. "பாத்துக்கறேன் மாமா, நீங்க ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

மார்ச் 19, வியாழன்

காரத்தன்மை 9.2. விரல் விரலாக ஆடும் பவளம் இன்று முழுசாக விரியவில்லை. பவளம் உடம்பு வளர்ப்பதற்குத் தினமும் தின்று தீர்க்கிற பொருளைத்தான் நான் மருந்தாக ஊற்றுகிறேன். தின்றால் அளவு குறையும், தின்னாவிட்டால் ஏறும். ஏறுகிறது என்றால் அவை தின்னவில்லை. தின்னவில்லை என்றால் நோய். மருந்தை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

கிளைப் பவளத்தின் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. இறால் செத்துக் கிடந்தது. மாமா அதைக் காட்டி, "இவன் வேலைக்கு வரலம்மா" என்றார்.

நைட்ரேட் பார்த்தேன். பாஸ்பேட் பார்த்தேன். விளக்கு நேரத்தைக் குறைத்தேன். தொட்டி வடிகட்டியில் கரி மாற்றினேன். தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரில் மின்கசிவு இருக்கிறதா என்று வீட்டுக்காரரைச் சோதிக்கச் சொன்னேன், இல்லை. உப்பு மட்டும் பார்க்கவில்லை. கோடு வரைக்கும் தண்ணீர் நிற்கிறது, உப்பு எங்கே போகப்போகிறது?

நாலு வருஷம். ஒரு விரல் அளவு துண்டாக வாங்கி வந்த கிளை அது. கையகலத்துக்கு வளர்த்திருந்தேன்.

மார்ச் 25, புதன்

மேஸ்திரியின் ஜோடி செத்துவிட்டது. நீல வால் மீனும். விரல் பவளம் எலும்பைவிட்டுக் கழன்று கூழாக மிதக்கிறது. வீடெல்லாம் நாற்றம்.

கடைசியாக உப்பு பார்க்கும் குழலை எடுத்தேன். ஒரு சொட்டு வைத்து ஜன்னல் பக்கம் திரும்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். 35 இருக்க வேண்டிய இடத்தில் 45. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். 45.

உப்பு வாளியைத் திறந்தேன். தண்ணீர் மாற்றாத மாதத்தில் ஒரு கிலோகூடக் குறைந்திருக்கக் கூடாத உப்பு. தராசில் வைத்தால் மூன்று கிலோவுக்கு மேல் காணோம். தேநீரில் உப்பைப் போட்டவர்தானே. பக்கத்தில் வாளி, கையில் கரண்டி. வேறு யார்?

நான் கத்தினேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன். "நீங்கதான் கொன்னீங்க மாமா. எல்லாத்தையும் நீங்கதான் கொன்னீங்க." மூன்று முறை சொன்னேன். மாமா, "கோடு வரைக்கும்தாம்மா ஊத்தினேன்" என்றார். நான் செத்த மீனைக் கையில் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அப்ப இது என்ன?"

குடுவையைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் துடைத்தார்.

மார்ச் 27, வெள்ளி

நாத்தனார் வந்துவிட்டாள். கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாமா உள்ளறையில்.

"இன்னைக்கு தொட்டில உப்பு. நாளைக்கு அடுப்பத் தொறந்து விட்டார்னா? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறீங்க" என்றாள். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இருவரும் என்னைப் பார்த்தார்கள். "அண்ணி, கூடவே இருக்கறவங்க நீங்க. நீங்க வேணாம்னா நாங்க பேச மாட்டோம்."

நான் சொன்னது: "இனிமே அவரால முடியாது."

நாலே வார்த்தைகூட இல்லை. தொட்டி நாற்றம் அப்போதும் மூக்கில் இருந்தது. கோபம் என்று வைத்துக்கொள்ளவா, அலுப்பு என்று வைத்துக்கொள்ளவா? இரண்டும்தான்.

ஏப்ரல் 1, புதன்

மாமாவை இல்லத்தில் விட்டுவிட்டு வந்தோம். இரண்டு கட்டில் போட்ட அறை. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "தண்ணி யாரு ஊத்துவா?" என்று கேட்டார். நான் ஊற்றுகிறேன் என்றேன். "பாத்து ஊத்தும்மா. செத்துடும்." அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது, யாரோ பக்கத்தில் தூங்குகிற மாதிரி.

ஏப்ரல் 2, வியாழன்

உப்பு 38. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், ஒரேயடியாக இறக்கினால் மிச்சமும் போய்விடும். மேஸ்திரி தனியாக மூலையில் நிற்கிறது. யாரையும் விரட்டவில்லை. விரட்ட யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் 4, சனி

மணி பதினொன்று இருக்கும். வீட்டுக்காரர் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளை கேனைக் காலால் நகர்த்திப் பார்த்தார்.

"இதுல பத்து லிட்டர் அப்படியே கெடக்கே. உப்புத் தண்ணிய எத்தன நாள் வெச்சிருப்ப, கொட்டிடட்டுமா?"

"கொட்டிடுங்க."

"முன்ன அஞ்சு நாளுக்கு ஒரு தடவ காலி பண்ணிட்டு இருந்தியே. நாலு வாட்டி ரொப்பி உப்பு கலக்கி வெச்சேன்."

"நான் எங்க காலி பண்ணேன்? இந்த மாசம் தண்ணி மாத்தவே இல்லியே நான்."

"அப்ப யாரு..."

அத்தோடு நிறுத்திவிட்டார். கையில் துடைப்பம். வெள்ளை கேனின் கைப்பிடியில் மாமாவின் குடுவை மாட்டியிருந்தது. உட்புறம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

வெள்ளை கேன். கோடு வரைக்கும். வேறு எதையும் தொடாதே. சொன்னது யார்? நான். கேனை மாற்றியது யார்? நான். மாமாவிடம் போய் இனிமேல் பச்சை என்று சொல்லாதது? அதுவும் நான்தான். இருபத்தைந்து லிட்டர் கேன், நாலு தடவை நூறு, மிச்சம் பத்து போகத் தொண்ணூறு லிட்டர். அதில் கரைந்திருக்கிற உப்பு மூன்று கிலோ. லேபில் ஒரு ரிசல்ட் எகிறினால் முதலில் மாதிரி சரியா, குழாய் சரியா, பேர் சரியா என்று பார்க்கிறவள். ஆளைக் குற்றம் சொல்வது கடைசியில். இங்கே முதலிலேயே ஆளைப் பிடித்துவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மார்ச் 16. "கை பிசுபிசுங்குதும்மா." என் கையெழுத்துதான். சொல்லியிருக்கிறார். நான் எழுதியும் வைத்திருக்கிறேன். ஊத்துங்கன்னு சொல்லிட்டு ஓடியிருக்கேன். ஐயோ, அந்த மனுஷன் பாய்லர்காரர், கைல பட்டதுமே தெரிஞ்சிருக்கு அவருக்கு. எனக்குத்தான் பஸ்.

வீட்டுக்காரரிடம் இன்றே போய் அழைத்து வரலாம் என்றேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "இது மட்டும் காரணம் இல்லியே. டீல உப்பு போட்டாரா இல்லியா? என்னை மீட்டர்காரன்னாரா இல்லியா?" என்றார். போட்டார். சொன்னார். ஆனால் அன்று கூடத்தில் பேசியது அதைப் பற்றி இல்லை. "தங்கச்சிகிட்ட இப்ப போய் என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன்.

நானே நாத்தனாருக்குப் போன் செய்து முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "இப்ப எதுக்கு அண்ணி இதெல்லாம்" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

லீவு போட்டுவிட்டு இல்லத்துக்குப் போனேன். மாமா கட்டில் ஓரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்தில் இரண்டு சுற்று இளைத்துவிட்டார். பார்த்துக்கொள்கிற அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டம்ளரக் கைல வாங்கவே மாட்டேங்கறாரு. நான் தண்ணியத் தொடக்கூடாதுங்கறாரு. நாங்கதான் புகட்டறோம். வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

நான் கீழே உட்கார்ந்து மாமாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, தப்பு என்னோடது. கேன மாத்திட்டு உங்ககிட்ட சொல்லல. நீங்க சரியாத்தான் ஊத்தினீங்க." தலையாட்டிக் கேட்டார். "அப்படியா? பரவால்லம்மா, வேலைன்னா நடக்கும்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்கிற அம்மா உள்ளே வந்ததும் அவரிடம் திரும்பி, ரகசியம் போல, "எங்க வீட்டு மீனையெல்லாம் நான் கொன்னுட்டேன்" என்றார்.

மகள் வயிற்றுப் பேரன் பேத்தி பெயர் தெரியவில்லை, மனைவி போய்ச் சேர்ந்தது நினைவில்லை, தான் வேலை பார்த்த ஆலை எது என்று தெரியவில்லை. நான் கத்தினது மட்டும் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

வீட்டுக்காரரே கிளம்பினார். நான் கேட்கவில்லை. அப்பாவைக் கூட்டி வந்துடலாம் என்று வண்டிச் சாவியை எடுத்தார்.

வாசல் வரை நன்றாகத்தான் வந்தார். படியில் மகன் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னறைக் கதவைத் திறந்ததும் தொட்டி விளக்கு தெரிந்தது. நின்றுவிட்டார்.

"நான் அந்த ரூமுக்கு வரக்கூடாது."

"அப்பா, உங்க வீடுப்பா."

"வேணாம் தம்பி. அவங்க திட்டுவாங்க."

மகன் இழுத்தார், அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவங்க என்றது என்னை. நான் பின்னாலேயே நின்றிருந்தேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அரைமணி நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம்.

ஏப்ரல் 18, சனி

தொட்டியைக் கொடுத்துவிட்டேன். அது இருந்தால்தானே உள்ளே வரமாட்டார். மீன்கடைக்காரர் இரண்டு ஆளோடு வந்தார். "இப்பதான் எல்லாம் சரியாகி வருது, உப்பு கரெக்டா 35 இருக்கு. கிளை அடியில பாருங்க, புதுசா தோல் ஏறுது. இப்பப் போய் கலைக்கறீங்களே" என்றார். பார்த்தேன். அரிசி அளவுக்கு ஏறியிருந்தது. எடுத்துட்டுப் போங்க என்றேன். மேஸ்திரி பைக்குள் போக அடம்பிடித்தது. சுவரில் நாலடிக்கு ஈரக்கறை. நாளைக்கு வீட்டுக்காரர் வெள்ளையடிக்கிறார்.

ஏப்ரல் 22, புதன்

மாமாவைத் திரும்பக் கூட்டிப்போக வேண்டாம் என்கிறார் இல்லத்து டாக்டர். வாசல் வரை கூட்டிப்போய்த் திரும்பியதிலேயே நாலு நாள் சாப்பிடவில்லையாம். "இன்னொரு தடவ எடம் மாத்தாதீங்க. இப்ப தெரிஞ்சிருக்கற ரெண்டு மொகமும் தெரியாமப் போயிடும். யாரு வேணும்னாலும் வந்து பாருங்க, ஆனா அவர் இங்கயே இருக்கட்டும்." வீட்டுக்காரர் சரி என்றார். நான் தொட்டியை எடுத்துவிட்டோம் என்று சொன்னேன். டாக்டருக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

சொன்னேன். தப்பு என்னோடதுதான் மாமா என்று மறுபடியும். பரவால்லம்மா என்றார். நான் கிளம்புவதற்குள் பக்கத்துக் கட்டில்காரரிடம் மீன் கதை.

மே 3, ஞாயிறு

இன்று என்னை அடையாளம் தெரியவில்லை. லேப்காரியா என்று கேட்டார், ரத்தம் எடுக்க வந்திருப்பதாக நினைத்து சட்டைக் கையை மடக்கினார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். மீன் செத்ததுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை, கேனை மாற்றியதைச் சொல்லாதது வேறு ஒருத்தி, நீங்கள் கோடு வரைக்கும் சரியாகத்தான் ஊற்றினீர்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நல்ல மனசும்மா உங்களுக்கு. ஆனா நான்தான் கொன்னேன். என் மருமக சொன்னா. அவ லேப்ல இருக்கா, எதையும் ரெண்டு தடவ பாக்காம சொல்ல மாட்டா."

தண்ணீர் வந்தது. அவர் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன், குடித்தார்.